மாமனார் பெயர்

அத்தியாயம் 17

வியாழக்கிழமை விடிந்தே விட்டது. போன வாரம் முழுக்க நாங்கள் பயந்துகொண்டிருந்த அதே வியாழக்கிழமை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பூம்லா. என் அக்கா சோலேகா கார் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கிறாள். அவளும் உகாண்டாவிலிருந்து வந்த ஸ்கோவியாவும் நாலு வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைதான் அவர்கள் குடித்தனம். ஸ்கோவியாவின் விசா முடிய இன்னும் பதினோரு நாள். துணைவர் விசா கிடைத்தால் இங்கேயே இருக்கலாம்; அதற்கான விசாரணைதான் இந்த வியாழன். கிடைக்காவிட்டால் உகாண்டா தலைநகர் கம்பாலாவுக்கு விமானம் ஏற வேண்டும். இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்வது அந்த நாட்டில் குற்றம். அங்கே அவளுடைய கூடப் பிறந்த அண்ணனே, "இந்தப் பக்கம் கால் வச்சே, நானே போலீஸ்ல பிடிச்சுக் கொடுப்பேன்" என்று போனில் சொல்லிவிட்டான்.

'பேசாமல் கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டியதுதானே' என்று எனக்கு வாராவாரம் கடிதம் போடும் புண்ணியவான்களே, கேளுங்கள். அதற்கு ஸ்கோவியா கல்யாணம் ஆகாதவள் என்று அவளுடைய நாட்டிலிருந்து ஒரு சான்றிதழ் வேண்டும். யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று கேட்பார்கள். பதில் சொன்னால் அங்கே இருக்கும் அவளுடைய தங்கை வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டும். போதுமா?

எங்கள் நாட்டுச் சட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆணும் பெண்ணுமா, இரண்டு பெண்களா என்று அது பார்ப்பதில்லை. நிஜமான ஜோடியா என்று மட்டும்தான் கேட்கும். என் அம்மா அப்படி இல்லை.

அன்று காலை ஆறரைக்கு ஸ்கோவியா வழக்கம்போல முன்வீட்டுக்கு டீ கொண்டுவந்தாள். தலையில் துணி கட்டி, தோளைச் சுற்றித் துண்டு போர்த்தியிருந்தாள். எங்கள் சனங்களில் புது மருமகள் மாமியார் முன்னால் அப்படித்தான் நிற்பாள். நிற்கச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை. நாலு வருஷமாக அவளாகவே நிற்கிறாள்.

அம்மா கோப்பையை வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"சர்க்கரை கம்மி" என்றாள், சுவரைப் பார்த்து.

"ரெண்டு கரண்டி போட்டேனேம்மா" என்றாள் ஸ்கோவியா.

"நான் பூம்லாகிட்ட பேசிட்டிருக்கேன்."

எனக்கு வந்த கோபத்தில் வாயில் இருந்த மக்வின்யா தொண்டையில் சிக்கியது. அது எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை. சண்டை போடுகிறவர்கள் சாப்பிடக் கூடாத பலகாரம்.

சோலேகா வேலைக்குப் போகும் பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை செருப்பு போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, இன்னைக்கு எங்ககூட வாயேன். பேசக்கூட வேணாம். சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

"வியாழக்கிழமை எனக்கு ஜெபக் கூட்டம். முப்பது வருஷத்துல ஒரு வியாழன் விட்டதில்ல. உங்கப்பா செத்த வாரம்கூடப் போனேன். இவளுக்காக விடணுமா?"

"இவளுக்குப் பேர் இருக்கும்மா."

"இருக்கட்டும். நான் வச்ச பேர் இல்லையே."

அந்த ஒரு வார்த்தை போதும், எங்கள் ஊரில் யாருக்கும் புரிந்துவிடும். மருமகள் வீட்டுக்குள் வந்த அன்று மாமியார் அவளுக்குப் புதுப் பெயர் வைப்பாள். எங்கள் அண்ணன் மனைவிக்கு அம்மா நோலிதா என்று வைத்தாள், ஆடு வெட்டினாள், தெருவையே கூப்பிட்டாள். அந்த நோலிதா ஜோகன்னஸ்பர்க்கில் உட்கார்ந்துகொண்டு கிறிஸ்மஸுக்கு ஒரு போன் போடுவாள். அவள் போட்ட டீயை இந்த வீட்டில் ஒருவரும் குடித்ததில்லை. போனில் "லங்கலாகே மாமா படத்தை எனக்கு அனுப்பி வைங்க" என்று மாமனார் பெயரைப் பளிச்சென்று சொல்லுவாள். அம்மா அதற்கும் சிரித்துக்கொள்வாள், பட்டணத்துப் பெண் என்று.

காரை நான்தான் ஓட்டினேன். வழி முழுக்கக் கேள்வி பதில் ஒத்திகை. ஜோடியைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து விசாரிப்பார்கள், பதில் பொருந்த வேண்டும்.

"அக்காவோட பல் பிரஷ் என்ன கலர்?" என்றேன்.

"பச்சை. என்னோடதும் பச்சைதான். அதனால தினமும் சண்டை" என்றாள் ஸ்கோவியா.

"கட்டில்ல யார் சுவர்ப் பக்கம்?"

"நான். அவ உதைக்கறதுக்குச் சுவர் தாங்கும், நான் தாங்க மாட்டேன்னு சொல்லிப் பார்த்தேன், கேக்கல."

"ஏய், நான் இங்கதான்டி உக்காந்திருக்கேன்" என்றாள் சோலேகா. ரொம்ப நாள் கழித்து அவள் சிரித்தாள்.

"எங்கப்பா பேரு?"

ஸ்கோவியா தலைத்துணியைச் சரி செய்துகொண்டாள். "அவர்தான். படத்துல இருக்கறவர்."

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மண்டையில் மூளைக்குப் பதிலாக மக்வின்யாதான் இருந்திருக்கிறது.

ஏனென்றால் இதை ஆரம்பித்து வைத்தவளே நான்தான். மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பெயருக்குள் இருக்கும் சொல்லைக்கூடத் தவிர்ப்பார்கள். ஸ்கோவியா வந்த முதல் கிறிஸ்மஸுக்கு நான் விளையாட்டாகச் சொன்னேன்: "இந்த வீட்டு மருமகள்னா எங்கப்பா பேரைச் சொல்லாதே. சொன்னே, அன்னைக்கே வெளிய." அவள் சிரிக்கவில்லை. "எங்க ஊர்ல மாப்பிள்ளை மாமியார் முகத்தையே பார்க்க மாட்டான். இது எனக்குப் பழக்கம்தான்" என்றாள். அன்றிலிருந்து சொல்லவில்லை. அப்பாவின் பெயரில் எங்கள் மொழியில் சூரியன் வருகிறது. அதனால் அவள் சூரியனையும் விட்டுவிட்டாள். "மேல இருக்கறவர் இன்னைக்கு ரொம்பச் சுடறார்" என்பாள். தெருவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். எனக்கு அழுகை வரும். யாருடைய அனுமதியும் கேட்காமல் அவளால் இந்த வீட்டு மருமகளாக இருக்க முடிந்தது இந்த மாதிரி விஷயங்களில்தான்.

விசா அலுவலகத்தில் இருவரையும் பிரித்துக் கூட்டிப் போனார்கள். சோலேகா அரை மணியில் சிரித்துக்கொண்டே வந்தாள். ஸ்கோவியா வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வந்தவள் எங்கள் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள்.

"என்னாச்சுடி?" என்றாள் சோலேகா.

"எல்லாம் சொல்லிட்டேன். ஒண்ணைத் தவிர."

அவளை விசாரித்தவர் திருமதி ப்ளாட்ஜிஸ் என்று ஒரு அம்மாள். எங்கள் ஆள் இல்லை, எங்கள் வழக்கம் தெரியாது. மற்றபடி மரியாதையாகத்தான் பேசினாராம். உள்ளே நடந்ததை ஸ்கோவியா சொன்னபடியே சொல்கிறேன்.

"உங்க துணையோட அப்பா பேர் என்ன?" என்று கேட்டிருக்கிறார் ப்ளாட்ஜிஸ்.

"அதை நான் சொல்ல முடியாது, மேடம்."

"முடியாதா, தெரியாதா?"

"தெரியும். சொல்லக் கூடாது. எழுதித் தரட்டுமா?"

"வாயால கேக்கறேன், வாயால சொல்லணும். ஏன் கூடாது?"

"மருமக மாமனார் பேரைச் சொல்லக் கூடாது. அவங்க வழக்கம்."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். "சரி. அவங்க வீட்டுல உங்களுக்கு மருமகளுக்கான சடங்கு ஏதாவது செஞ்சாங்களா?"

"இல்ல, மேடம்."

"மாமியார் உங்களுக்குப் பேர் வச்சாங்களா?"

"இல்ல."

"மருமகள்னு என்னைக்காவது சொல்லியிருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப நீங்க யாருக்காகச் சொல்லாம இருக்கீங்க?"

ஸ்கோவியா தோளில் இருந்த துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாளாம். ப்ளாட்ஜிஸ் கடைசியாக ஒரு வழி சொல்லியிருக்கிறார். மூன்று மணிக்குள் மாமியாரைக் கூட்டி வர வேண்டும். இவள் என் வீட்டு மருமகள் என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால், 'வழக்கத்தின்படி பெயர் சொல்லவில்லை' என்று ப்ளாட்ஜிஸ் எழுதுவார். இல்லையென்றால் 'துணையின் தகப்பனார் பெயர் தெரியவில்லை' என்று எழுத வேண்டியிருக்கும். நாலரைக்குக் கோப்புகளைப் பையில் கட்டித் தலைநகருக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர் கையில் ஒன்றும் இல்லை.

சோலேகா வெடித்துவிட்டாள். "சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல! செத்துப்போன மனுஷன் பேருடி! அவர் எந்திரிச்சு வந்து கேக்கப் போறாரா?"

"அவர் கேக்க மாட்டார். உங்கம்மா கேப்பாங்க."

"எங்கம்மா அங்க இல்லையே!"

"நான் இருந்தேனே" என்றாள் ஸ்கோவியா.

சோலேகா சட்டென்று திரும்பினாள். என்னைப் பார்த்து, "எல்லாம் உன் வாயால வந்தது" என்றாள். உண்மைதான். காரை எடுத்தேன்.

தேவாலயத்தில் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். சிவப்புச் சட்டை, வெள்ளைக் காலர், வெள்ளைத் தொப்பி, கறுப்புப் பாவாடை, அதுதான் ஜெபக் கூட்டத்துச் சீருடை. அந்தச் சட்டையைப் போட்டுவிட்டால் எங்கள் அம்மா முழு மம்பேலே ஆகிவிடுவாள். அது அவள் பிறந்த குலத்தின் பெயர். ஊரில் யாரும் அவளை வேறு பெயரில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

சோலேகா உள்ளே போய் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். பாட்டு நடுவிலேயே அம்மா எழுந்து வந்துவிட்டாள். முப்பது வருஷத்தில் முதல் முறை.

"என்ன கேக்கணுமாம்?" என்றாள் காரில் ஏறி.

"ஒரே கேள்விம்மா. ஸ்கோவியா உன் மருமகளான்னு" என்றாள் சோலேகா.

அம்மா பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனபிறகு, "இந்தச் சட்டையோட நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள்.

கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டில் ஸ்கோவியா சோலேகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா மனம் இறங்கி வந்துவிட்டாள் என்றே நாங்கள் மூவரும் நினைத்தோம். முட்டாள்கள்.

இரண்டே முக்காலுக்கு எங்கள் நாலு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார் ப்ளாட்ஜிஸ். அம்மாவை வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்யச் சொன்னார். செய்தாள்.

"அம்மா, இவங்க உங்க வீட்டு மருமகளா?"

அம்மா மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு ஒரே மருமக. ஜோகன்னஸ்பர்க்ல இருக்கா."

"அப்ப இவங்க யாரு?"

"பின்னாடி ரூம்ல தங்கியிருக்கற பொண்ணு."

"அம்மா!" என்றாள் சோலேகா. அது கெஞ்சலா அலறலா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அம்மா திரும்பவே இல்லை. ப்ளாட்ஜிஸ் எழுத ஆரம்பித்தார். நிதானமாக, அழகான கையெழுத்தில்.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றாள் ஸ்கோவியா.

அவள் எழுந்து நின்றாள். தோளிலிருந்த துண்டை எடுத்து நாற்காலியின் மேல் போட்டாள்.

"இப்ப அவங்க சத்தியம் பண்ணிச் சொல்லிட்டாங்க. நான் மருமக இல்லைன்னா எனக்கு எந்தத் தடையும் இல்ல. சோலேகாவோட அப்பா பேரு லங்கலாகே. லங்கலாகே ம்பாண்ட்லா. கேட்டுச்சாம்மா? லங்கலாகே."

அம்மா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"சீ, வாயை மூடு! என் வீட்டு மருமகளா இருந்துக்கிட்டு, என் எதிர்லயே நின்னு என் புருஷன் பேரை..."

அங்கேயே நிறுத்திவிட்டாள். கை அந்தரத்தில் நின்றது. பக்கத்து அறையில் யாரோ ரப்பர் முத்திரை குத்தும் சத்தம் கேட்டது.

ப்ளாட்ஜிஸ் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். நல்ல மனுஷி, அதைச் சொல்லத்தான் வேண்டும். எழுதினதை அடிக்கக் காத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இப்ப என்ன சொன்னீங்க?"

அம்மா விழுந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"முதல்ல ஒண்ணு சொன்னீங்க, இப்ப ஒண்ணு சொன்னீங்க. ரெண்டுல எதை எழுதட்டும்? அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க."

அம்மா குனிந்து நாற்காலியை நிமிர்த்தினாள். காலரை இழுத்துவிட்டுக்கொண்டாள். சிவப்புச் சட்டையின் பித்தான்களை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தாள். தேவாலயத்தில் பாட்டு நடுவில் எழுந்து போனவள் என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்று நாற்பது பெண்கள் கேட்பார்கள். அதைத்தான் யோசித்திருப்பாள் என்று நினைக்கிறேன். என் அம்மாவை எனக்குத் தெரியாதா?

"முதல்ல சொன்னதை எழுதுங்க" என்றாள்.

ப்ளாட்ஜிஸ் எழுதினதை அடிக்காமல் பேனாவை மூடினார். பிறகு ஸ்கோவியாவிடம், "பேரை இப்பச் சொன்னீங்க, சரி. ஆனா ரெண்டு மணி நேரம் குடும்பத்தோட வெளிய இருந்துட்டு வந்து சொல்றீங்க. யார் வேணாலும் சொல்லிக் கொடுத்திருக்கலாமே. இதை நான் எப்படிக் கணக்குல எடுத்துக்கறது?" என்றார்.

"எடுத்துக்க வேணாம் மேடம். உங்களுக்காகச் சொல்லல" என்றாள் ஸ்கோவியா.

வீட்டுக்குக் காரை ஓட்டினேன். முன்சீட்டில் அம்மா பாட்டுப் புத்தகத்தைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் ஸ்கோவியா தலைத்துணியை அவிழ்த்து நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அவள் தலைமுடியைப் பகல் வெளிச்சத்தில் அம்மா பார்த்தது அன்றுதான். பார்த்தாள், ஓரக்கண்ணால்.

வீட்டு வாசலில் சோலேகா அம்மாவுக்குக் கார்க் கதவைத் திறந்து விடவில்லை. நேராகப் பின்பக்கம் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் பின்னறையில் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. பதினோரு நாள் இருக்கும்போதே யாருக்குப் பெட்டி என்று எனக்குக் கேட்கத் துணிவில்லை.

ஐந்து மணிக்கு அம்மா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது அவள் டீ நேரம். சட்டையைக்கூட மாற்றவில்லை. ஐந்தேகால் ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. டீ வரவில்லை. நானும் எழுந்து போய்ப் போடவில்லை.

ஐந்தே முக்காலுக்குப் பின்கதவு திறந்தது. ஸ்கோவியா இஸ்திரிப் பெட்டியை எடுக்க வந்தாள். தலையில் துணி இல்லை. கையில்லாத சட்டை, தோளில் ஒன்றும் இல்லை. ஊரில் எந்தப் பெண்ணும் தன் வீட்டில் நடப்பதுபோல நடந்து கூடத்துக்குள் வந்தாள். சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றாள்.

"பூம்லா, லங்கலாகே படம் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு பாரு. நேரா வை" என்றாள்.

பிறகு சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "சூரியன் இறங்கிடுச்சு. கொடியில துணி இருக்கு" என்றாள். இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். எப்படிக் கத்துவாள்? மதியம் கையைத் தூக்கிச் சத்தியம் செய்து, கத்துகிற உரிமையை அவளே விட்டுக் கொடுத்துவிட்டாள்.

நான் படத்தை நேராக வைத்தேன். பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"பூம்லா."

"என்ன?"

"அந்த ஆபீஸ் காலையில எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு அடிக்கப் போகிறது. கோப்புப் பை தலைநகருக்குக் கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆகிறது.

"எட்டு மணிக்கு" என்றேன்.

பை போய்விட்டதை நான் சொல்லவில்லை. பாவம் பார்த்து அல்ல. நாளைக்குக் காலையில் அதே சிவப்புச் சட்டையோடு அந்த மேஜைக்கு முன்னால் போய் நின்று, தன் காதாலேயே கேட்டுக்கொள்ளட்டும்.